ஆறு கால் நாய்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு காகித நாடாவைப் படித்தது. 1999 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தோம். வெளிறிய மஞ்சள் நிற நாடா. அகலம் ஒரு விரல். குறுக்கே ஐந்து துளைகளுக்கு இடம் உண்டு. அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாடாவை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். நான் கட்டம் போட்ட நோட்டில் எழுதினேன்.

"எக்ஸ். எக்ஸ். எக்ஸ். விடு. விடு. எக்ஸ்."

நான்கு துளைகள் இருந்தால் எக்ஸ். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் இடைவெளி. அதைத்தான் அம்மா 'விடு' என்றாள். இந்தக் குறியீட்டை நான் கல்லூரியில் ஒரு பருவம் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு அது ஒன்பது வருடம் கையில் இருந்த வேலை. அவள் வேகத்துக்கு என்னால் எழுத முடியவில்லை.

"என்ஜினியருன்னு பேரு. எழுத எம்புட்டு நேரம் ஏட்டி?"

எழுதி முடித்ததும் நாடாவைச் சுற்றினோம். டெலக்ஸ்காரர்கள் நாடாவைச் சுருளாகச் சுற்ற மாட்டார்கள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மாறி மாறி எட்டு வடிவில் சுற்றுவார்கள். அப்போதுதான் சிக்காமல் வெளியே வரும். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், அம்மா சுற்றினாள். நூல் சிட்டம் போல ஒரு கட்டு வந்தது. அதை பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள். 

நாடாவில் என்ன தேடினோம் என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அம்மாவின் பெயர் பரிபூரணம். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீஸில். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்விட்டார். டைப்பிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால் அம்மாவுக்கு அந்த மில்லில் இடம் கிடைத்தது. காலை எட்டே முக்கால் பஸ். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

1984-இல் மில்லுக்கு டெலக்ஸ் வந்தது. தட்டச்சு மிஷினும் தந்தியும் கலந்த ஒரு பெரிய பெட்டி. இங்கே அடித்தால் இன்னொரு ஊரில் அதே எழுத்து அச்சாகும். நூல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறுவதால் கப்பல் ஏஜென்ட்டுகளோடும் வெளிநாட்டு வியாபாரிகளோடும் தினமும் பேச்சுவார்த்தை இருந்தது. ஆபீஸில் வேகமாக டைப் அடிப்பவர் யார் என்று மேனேஜர் வெங்கட்ராஜா கேட்டார். எல்லோரும் அம்மாவைக் காட்டினார்கள்.

அந்த மிஷினின் எழுத்துப் பலகையில் ஒரு சாவி உண்டு. அதை அழுத்தினால் எதிர்முனை மிஷின் தன் பெயரைத் தானே அடித்துக்காட்டும். சரியான ஆளுக்குத்தான் லைன் போயிருக்கிறதா என்று பார்க்க அந்த ஏற்பாடு. அம்மாவுக்கு அது ஓர் அதிசயம். சாப்பாட்டு நேரத்தில் டெலக்ஸ் டைரக்டரியைத் திறந்துவைத்து, ஏதாவது ஊருக்கு லைன் போட்டு, அந்தச் சாவியை அழுத்தி, பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு லைனைத் துண்டித்துவிடுவாள். முதல் மாதத்தில் மட்டும் நாற்பத்தோர் ஊர். வீட்டுக்கு வந்ததும் என் பள்ளி அட்லஸை எடுத்து அந்த ஊர்களைப் பென்சிலால் வட்டமிடுவாள்.

"ஆபீஸ் பூட்டிக் கெடந்தாலும் மிஷினு மட்டும் பதில் சொல்லுது ஏட்டி," என்றாள் ஒருநாள். "ராத்திரி மூணு மணிக்குக் கேட்டாலும் சொல்லுமாம்."

"மூணு மணிக்கு யாரும்மா கேப்பா?"

"நான்தான். வேற யாரு?"

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ஸியின் டெலக்ஸ் ஆபரேட்டர் சேக் முகைதீன். அம்மா அவரைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதும் இல்லை. தினமும் பத்தரை மணிக்கு அவரிடமிருந்து கப்பல் தேதிகள் வரும். அவர் அம்மாவை 'அக்கா' என்று அடிப்பார். அம்மா 'பாய்' என்று அடிப்பாள். ஆங்கில எழுத்தில் தமிழ். செய்தி முடிந்ததும் மிஷினில் மணி அடிக்கும் சாவியை மூன்று முறை தட்டுவது இருவருக்குமிடையே ஒரு வழக்கம்.

1985 கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒருநாள், அந்த மணி மூன்று முறை அடித்த பிறகும் மிஷின் நிற்கவில்லை. எக்ஸ் எழுத்தாலும் புள்ளியாலும் ஆன ஒரு பாய்மரக் கப்பல் வரி வரியாக இறங்கி வந்தது. எட்டு நிமிடம். அம்மா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். கப்பலுக்குக் கீழே ஐந்து கையெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. கையெழுத்து என்றால் ஆபரேட்டரின் சுருக்கப் பெயரும் ஊரும். முதல் பெயர் ஹாலந்தில் ஒரு துறைமுகம். கடைசிப் பெயர் எஸ்.எம்., தூத்துக்குடி.

உலகம் முழுக்க ஆபரேட்டர்கள் இப்படிப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. முதலாளிகளுக்குத் தெரியாது. வேலை குறைந்த நேரத்தில், வியாபாரச் செய்தியின் வாலில் கட்டி அனுப்புவார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. படத்தைப் போட்டவர் பெயர் முதலில். கிடைத்து மேலே அனுப்புகிறவர் தன் பெயரை அதற்குக் கீழே சேர்க்க வேண்டும். மேலே இருக்கும் பெயரைத் தொடக்கூடாது.

தொடுவது கடினமும் இல்லை. வரும் செய்தி அப்படியே நாடாவில் துளையாகப் பதிவாகும். அந்த நாடாவையே மறுபடி மிஷினில் விட்டால் அடுத்த ஊருக்குப் போகும். யாரும் திரும்ப டைப் அடிப்பதில்லை. ஒரு பெயரை நீக்கக் கத்தரிக்கோலும் பசையும் போதும். யாரும் செய்யக்கூடாது என்பதுதான் ஒரே காவல்.

ஒரு வருடம் அம்மா வந்ததை அனுப்பினாள். பிறகு தானே ஒரு படம் போட ஆசைப்பட்டாள். எதைப் போடுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. மில் வாட்ச்மேன் மாரிச்சாமி வளர்த்த வெள்ளை நாய் கேட்டில் படுத்திருக்கும். ராஜபாளையத்திலிருந்து வேறு என்ன போவது?

டெலக்ஸ் காகிதத்தின் அகலம் அறுபத்தொன்பது எழுத்து. நீளத்துக்கு வரம்பில்லை. அதனால் நாயைப் படுக்கைவசமாகப் போடாமல் காகிதத்தின் நீளவாக்கில் போட்டாள். முதலில் தலை, பிறகு முன்னங்கால்கள், வயிறு, பின்னங்கால்கள், வால். காகிதத்தைத் திருப்பிப் பிடித்தால் நாய் நிற்கும். கட்டம் போட்ட நோட்டில் பதினோரு நாள் வரைந்தாள். நான் அப்போது எட்டாம் வகுப்பு. காதில் ஒரு எக்ஸ் கூட இருக்கிறது என்று சொன்னதற்குத் திட்டு வாங்கினேன். பிறகு அந்த எக்ஸை எடுத்துவிட்டாள்.

1987 பொங்கலுக்கு முந்தின நாள் நாடாவில் அடித்தாள். ஒன்பது மீட்டர். சுற்றும்போது நாற்காலி உருளையில் சிக்கி, முன்னங்கால் முடிகிற இடத்தில் அறுந்தது. பின்பாதி எண்ணெய்க் கறையும் கசங்கலுமாகிவிட்டது. அதைக் குப்பையில் போட்டாள். முன்னங்காலிலிருந்து திரும்ப அடித்து, பழைய முன்பாதியோடு ஒட்டினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு லைன் போட்டு, பொங்கல் வாழ்த்து அடித்து, நாடாவை விட்டாள்.

போகிற எழுத்து இங்கேயும் அச்சாகும். தலை வந்தது. முன்னங்கால்கள் இரண்டு வந்தன. மறுபடியும் முன்னங்கால்கள் இரண்டு வந்தன.

ஒட்டும்போது பழைய முன்பாதியில் இருந்த கால்களை வெட்ட மறந்திருக்கிறாள். அம்மாவுக்குப் புரிந்த நொடியில் மேனேஜர் வராந்தாவில் செருப்புச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தார். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். அம்மா மிஷினுக்கு முன்னால் நின்று மறைத்தாள். வால் பாதி வந்ததும் காகிதத்தைக் கிழித்துச் சாப்பாட்டுக் கூடையில் திணித்தாள். நாடா முழுவதும் ஓடி முடிந்தது. மேனேஜர் பொங்கல் லீவு பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்.

லீவு முடிந்து வந்ததும் தூத்துக்குடியிலிருந்து முதல் செய்தி: "அக்கா, உங்க ஊர் நாய்க்கு ஆறு காலா? அன்னைக்கே கொழும்புக்கு அனுப்பிட்டேன். சிரிச்சு முடியலை."

அம்மா அன்றே நாயை நான்கு காலாகத் திருத்திப் புது நாடாவில், அடியில் தன் பெயரோடு, அடித்து அனுப்பினாள். பாய் அதையும் கொழும்புக்கு அனுப்பினார். அது அங்கேயே நின்றுவிட்டது. ஆறு கால் நாய் போய்க்கொண்டே இருந்தது.

மாரிச்சாமிக்குத்தான் தாங்கவில்லை. கிழிந்த பிரதியை அம்மா அவரிடம் காட்டியிருக்கக்கூடாது.

"நம்ம நாய்க்கு அடையாளம் என்ன டெலக்ஸம்மா? தோலு வெள்ளை, மூக்கு செவப்பு, காலு நாலு. இதுல ரெண்டு காலைக் கூட்டிப் போட்டு வெளியூர்க்காரனுக்கு அனுப்பிட்டிய. நாளைக்கு ஒருத்தன் குட்டி வாங்க வந்து காலை எண்ணுவான்."

அடுத்த ஒரு வருடம் அந்த நாய் எங்கெல்லாம் போனது என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. திரும்பி வந்த பிரதிகளை அம்மா ஒரு நோட்டில் ஒட்டினாள். பம்பாயில் யாரோ மீசை வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த நாய்க்குத் தொப்பி. எந்த ஊர் என்று தெரியாத ஓர் ஆபரேட்டர் வாலை வெட்டிவிட்டு முன்னால் இரண்டு மீசைக்கொம்பு சேர்த்து, எறும்பு என்று தலைப்பிட்டிருந்தார். அம்மா அதைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள். "ஆறு கால்னா எறும்புதானே. அவன் கணக்கு சரிதான்."

நான் வேறொன்றைக் கவனித்தேன். தொப்பி வைத்தவர்கள், மீசை வைத்தவர்கள், ஒருவர்கூட அந்த இரண்டு கால்களை எடுக்கவில்லை. எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? பிழை என்று தெரியாமலா இருக்கும்? தொலைத்தொடர்பில் பிழை திருத்துவது எப்படி என்று பிற்பாடு நிறையப் படித்தேன். எல்லோரும் சேர்ந்து ஒரு பிழையைப் பத்திரமாகக் கொண்டுபோவது பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதலில் வந்த பிரதிகளில் பெயர்கள் இல்லை. அனுப்பியவர்கள் படத்தை மட்டும் விட்டிருந்தார்கள். அந்த வருடம் நவம்பரில்தான் ஹாங்காங் வழியாக ஒரு பிரதி முழுப் பட்டியலோடு வந்தது. ஏழு பெயர்கள். முதல் பெயர் எஸ்.எம்., தூத்துக்குடி.

அம்மாவின் பெயர் அதில் இல்லை.

முதலில் இருக்கும் பெயர்தான் படம் போட்டவர் பெயர். பதினோரு நாள் வரைந்த நாய் இப்போது வேறொருவர் நாய். அன்று நடந்த பேச்சின் தாள் நோட்டில் இருக்கிறது. அப்படியே தருகிறேன்.

"நாய் என்னுது. முதல் பேர் உங்களுது. எப்படி பாய்?"

"அக்கா நான் வெட்டலை. வந்தபோதே பேர் இல்லை."

"நான் அடிச்சேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

"ராஜபாளையம் அக்கா போட்டதுன்னு கொழும்புக்கு எழுதித்தான் அனுப்பினேன். அந்த வரியை அவங்க விட்டிருக்கலாம். உங்க பேரை நான் தொடுவேனா?"

அம்மா பதில் அடிக்கவில்லை. லைனை வெட்டிவிட்டாள். மறுநாள் பத்தரைக்குக் கப்பல் தேதிகள் வந்தன. முடிவில் மணி மூன்று முறை அடித்தது. அம்மா மணி அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் கப்பல் பெயர், தேதி, மூட்டை எண் தவிர வேறு பேச்சில்லை. படம் அனுப்புவதையும் அம்மா நிறுத்திவிட்டாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் பொங்கல் லீவு முடிந்த முதல் நாள், தூத்துக்குடிச் செய்தியின் வாலில் மூன்று மணியும் ஆறு கால் நாயின் ஏதோ ஒரு புதுப் பிரதியும் வரும். ஒரு வார்த்தை இருக்காது. அவருக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து கிடைத்ததோ. அம்மா கிழித்துக் கொண்டுவந்து நோட்டில் ஒட்டுவாள், அட்லஸில் வட்டமிடுவாள். பதில் அனுப்ப மாட்டாள்.

"ஒரு மணியாவது அடிக்கலாம்லம்மா," என்றேன் ஒருமுறை.

"மணி அடிச்சா மன்னிச்ச மாதிரி ஆயிரும்."

"மன்னிச்சா என்ன?"

"திருடுனதுகூடப் பரவாயில்ல ஏட்டி. இல்லன்னு சொன்னாவ பாரு."

1989-இல் ஒருமுறை மாட்டிக்கொள்ள இருந்தாள். நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆபரேட்டர், இங்கிருந்து போன நாய் என்று தெரியாமலே, வியாபாரச் செய்தியோடு ஆறு கால் நாயை அனுப்பிவிட்டார். அதிகப்படியான இரண்டு கால்களுக்கு மட்டும் பூட்ஸ். தாள் நேரே மேனேஜர் மேசைக்குப் போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, வீட்டுத் தெலுங்கு கலந்து கேட்டார்.

"ஏமம்மா இது? நம்ம ஊரு நாய் மாதிரி இருக்கு. காலு ஜாஸ்தி."

வெளிநாட்டு விளையாட்டு சார், என்றாளாம் அம்மா. வேலை போனது என்றே நினைத்திருக்கிறாள். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த நாய் அவர் ஓய்வு பெறும்வரை இருந்தது. யார் போட்டது என்று அவருக்கு அம்மா சொல்லவில்லை. சொன்னால் முதல் பெயரைப் பார்ப்பார்.

1993-இல் பேக்ஸ் வந்தது. டெலக்ஸ் மிஷினை எடுத்துப்போகிற அன்று காலை தூத்துக்குடியிலிருந்து வழக்கமான தேதிகள் வந்தன. அடியில் ஒரு வரி: "நாளையிலிருந்து எங்களுக்கும் பேக்ஸ்தான் அக்கா." பிறகு மூன்று மணி. அம்மா அன்று வீட்டுக்கு வந்து கை கால் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். மணிச் சாவி வரைக்கும் விரல் போனது, அடிக்கவில்லை என்றாள். பேக்ஸில் மணி கிடையாது. செய்தியை கிளார்க்குகளே அனுப்பிக்கொண்டார்கள். பாய் என்ன ஆனார் என்று தெரியவில்லை. அம்மா பழையபடி டைப்பிஸ்ட் ஆனாள்.

நான் படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த வருடம் ஜூலையில் ஆபீஸில் ஒரு ஈமெயில் வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னும் இருபது பேருக்கு அனுப்பி, அப்படியே உருண்டு வந்த வேடிக்கை மெயில். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அம்புக்குறிகள் வரிசையாக. திறந்தால் எக்ஸ்களின் குவியல். எழுத்துருவை மாற்றினேன், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் வரும்படி. குவியல் எழுந்து நாயாக நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஆறு கால்.

ஆபீஸில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.  அடியில் பதினான்கு பெயர்கள். பாதிக்கு மேல் தெரியாத ஊர்கள். முதல் பெயர் எஸ்.எம்., தூத்துக்குடி. காதை உற்றுப் பார்த்தேன். நான் சொல்லி அம்மா எடுத்த எக்ஸ் இருந்த இடம் காலியாக இருந்தது.

அச்செடுத்து, ஆகஸ்ட் பதினான்காம் தேதி ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா தாளை மடியில் வைத்து விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டு போனாள். எந்த ஊர் எங்கே என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அட்லஸ் வெளியே வந்தது. பத்தரை மணிவரை தேடினோம். பன்னிரண்டு வருடம், என்றாள். ஒருத்தரும் அந்தக் காலை எடுக்கலை பாரு, என்றாள். பிறகு முதல் பெயருக்கு வந்தாள். முகம் மாறியது.

நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது சில நேரம் தோன்றுகிறது. கேட்காமல் இருந்திருக்கவும் முடியாது. என் தொழிலே எங்கே அறுந்தது என்று தேடுவதுதான்.

"அம்மா, பேரை நாடா அறுகிறதுக்கு முன்னாடி அடிச்சியா, அறுந்து ஒட்டின பொறவு அடிச்சியா?"

அம்மா தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மொதல்லயே அடிச்சாச்சு. முழு நாயையும் அடிச்சு, பேரையும் அடிச்சுட்டுத்தான் சுத்துனேன். அப்பதான் அறுந்தது."

"பின்பாதியைக் குப்பையில போட்டேன்னு சொன்னியே. பேரு எதுல இருந்துச்சு?"

அம்மா அச்சுத்தாளை மடித்து வைத்தாள். அன்று இரவு அம்மா தூங்கியதாகத் தெரியவில்லை. மறுநாள் சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டதும் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். ஆறு கால் நாயை அனுப்பிய நாடாவை அவள் எறியவில்லை. பன்னிரண்டு வருடமாகத் திறக்கவும் இல்லை. தனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயத்தை எதற்காகச் சரிபார்க்க வேண்டும்?

வாலிலிருந்துதான் படித்தோம். எக்ஸ், எக்ஸ், விடு. வால் மெலிந்து ஓர் எக்ஸில் முடிந்தது. அடுத்த வரிக்குப் போகிற துளைகள் இரண்டு. அதற்குப் பிறகு நாடாவை இழுக்கும் பல்சக்கரத்தின் சிறு துளைகள் மட்டும், ஒரு சாண் நீளம். பிறகு காகிதம் முடிந்துவிட்டது.

அம்மா அந்த ஒரு சாணை விரலால் இரண்டு முறை தடவினாள். திருப்பிப் பிடித்தும் பார்த்தாள்.

"அவிய சொன்னது நெசம்," என்றாள்.

அதன் பிறகுதான் நாடாவைச் சுற்றினோம்.

சாயங்காலம் காபி போடும்போது பேசினாள். கடிதம் எழுதுவோமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

"ஆறு பொங்கலுக்கு மணி அடிச்சாவ. இதை எழுதியா சொல்றது? நேர்ல போறேன். இந்த டேப்பைக் கையில குடுத்து, வாசிச்சுக்கிடுங்க பாய்னு சொல்றேன். அவியளுக்கு வாசிக்கத் தெரியும்."

அன்று இரவே நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை தூத்துக்குடிக் கப்பல் ஏஜென்ஸிக்குப் போன் செய்தேன். சேக் முகைதீன் 1995-இலேயே வேலையை விட்டுவிட்டாராம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் பக்கத்து வீட்டு போனுக்கு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஜெராக்ஸா?" என்று சிரித்தாள். "ஒண்ணை நாலாக்கி ஊருக்கு அனுப்புறதுதானே அவிய வேலை. விடுவாவளா?"

சனிக்கிழமை போவதாகச் சொன்னாள். கோவில்பட்டியில் பஸ் மாற வேண்டும். முகம் தெரியாதே, கடைக்குள் போய் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். கேட்டால் சொல்லப்போகிறார்கள் என்றேன். ஒன்பது வருடம் பேசிய ஆள், உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாது என்றாள். அந்தக் குரலில் நாற்பத்தோர் ஊரை ஒரே மாதத்தில் கூப்பிட்டவள் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மில் ஆபீஸில், டைப்ரைட்டரில் தாளைச் செருகிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தைந்து. நான் வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்ந்தேன். அன்றே அடக்கம். மாரிச்சாமி தடி ஊன்றி வந்திருந்தார். டெலக்ஸம்மா போட்ட நாய் மட்டும் இன்னும் சாகவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஈமெயில் பற்றித் தெரியாது. அம்மா செவ்வாய்க்கிழமை அந்த அச்சுத்தாளை மில்லுக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியில் அவள் துணிப்பையைப் பார்த்தேன். உள்ளே பிஸ்கட் டின். பதினான்கு பெயர்கள் உள்ள அச்சுத்தாள், நான்காக மடித்தது. பின்பக்கம் அவள் கையெழுத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: சனி, ஆறு நாற்பது பஸ். பழைய பஸ் ஸ்டாண்டு, ஜெராக்ஸ். முதலில் மணியைப் பற்றிச் சொல்லணும், பொறவு டேப். பால்கோவா அரைக் கிலோ.

பால்கோவாக் கடையிலிருந்து பையன் விசாரிக்க வந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாக அம்மா சொல்லிவைத்தாளாம். எடுத்துவைத்தது அப்படியே இருக்கிறது என்றான்.